யார் பெயரில் இருக்கிறது உன் கடன்?



எட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லயத்தில் படுத்திருந்த முதியவருக்கு நற்கருணை வழங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்காம்பராவின் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் ரசீதுப் புத்தகத்துடன் அவர்கள் முன் நின்றார். நுண்கடன் வசூல் நாள் அது. எல்லோரும் கட்டிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரின் தவணையை மற்றவர்கள் பங்கிட்டுக் கட்டும்வரை எவரும் எழுந்து போக முடியாது. ஒருவருக்கு ஒருவர் பிணை என்று எல்லோரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பிரட்டுக்கு நேரமாகிவிட்டது. அன்று அந்தப் பெண்களுள் சிலருக்கு அரைப் பேர்தான் விழுந்தது என்று பின்னர் அறிந்தேன்.

கட்ட முடியாத அந்தத் தாய் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கடனை வாங்கியவர் அவர்தான், ஆனால் செலவழித்தவர் அவரல்லர். இருபத்து மூன்று வயது மகன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறான். அவனுக்கு ஒரு கைத்தொலைபேசி தேவைப்பட்டது. அதன் பிறகு, கடையில் நின்று காலம் போக்குவதைவிட முச்சக்கர வண்டி ஓட்டலாம் என்ற ஆசை வந்தது. முற்பணத்துக்கு அம்மா கையெழுத்திட்டார். நான்கு மாதத் தவணை தவறியதும் லீசிங்காரர்கள் வண்டியைக் கொண்டுபோனார்கள். மகன் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டான்.

இனி அந்தக் கடன் யாருடையது? கையெழுத்து வைத்தவருடையது என்று சட்டம் ஒரு சொல்லில் விடை தந்துவிடும். மனச்சாட்சியின் விடை அவ்வளவு சுருக்கமாக இல்லை.

திருநாளுக்கு வந்த அந்த இளைஞன், இரவு எட்டு மணிக்குமேல், ஆள் நடமாட்டம் குறைந்தபின் பங்குமனைக்கு வந்தான். வந்தவன் அழவில்லை, வாதாடினான்.

"சாமி, நான் யாரையும் ஏமாத்தல. கம்பெனிக்காரன் வட்டியிலயே எல்லாத்தையும் உறிஞ்சிட்டான். வண்டியும் போயிருச்சு. இன்னும் நான் எதுக்குக் கட்டணும்?"

அவனைக் கடிந்து அனுப்ப என்னால் முடியவில்லை. ஒரு காலத்தில் நானும் கடனைப்பற்றிப் பிரசங்கம் செய்தவன்தான். ஆடம்பரம், ஊதாரித்தனம் என்று பீடத்தடியிலிருந்து நீட்டி முழக்கினேன். பூசை முடிந்ததும் ஒரு வயோதிபத் தாய் என்னை ஓரமாக அழைத்து, "எங்க கடன் உடுப்புக் கடன் இல்லீங்க சாமி, மருந்துக் கடன்" என்றார். அன்றிலிருந்து இந்த விடயத்தில் என் வாய் சற்று மெதுவாகத்தான் திறக்கிறது.

அந்த இளைஞனின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. அநியாய வட்டியைக் கட்டக் கடமை உண்டா என்பது ஒன்று. கட்டாமல் ஓடினால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பது மற்றொன்று. அவன் முதலாவதை மட்டும் கேட்டான். இரண்டாவதற்கு விடை பிள்ளைக்காம்பராவின் திண்ணையில் குந்தியிருந்தது.

முதற் கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமைகள். மொத்தம் 65,000. "வட்டி நூற்றுக்கு முப்பதுதானே" என்பார்கள். ஆனால் அந்த 50,000 ரூபா ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கவில்லை. முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆண்டின் நடுவில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியிருக்கும்; வட்டியோ முழுத் தொகைக்கும் ஓடுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பதையும் தாண்டுகிறது. மீற்றர் வட்டி இதைவிடக் கொடியது. மாதம் பத்து வீதத்துக்கு 20,000 ரூபா வாங்கியவர், பத்து மாதத்தில் 20,000 ரூபா வட்டி கட்டியிருப்பார். முதல் அப்படியே நிற்கும்.

2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் கடன் விவகார நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, நுண்கடனால் பெண்கள் படும் அல்லல்களை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி தன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது. மேற்பார்வைக்கு வெளியே நின்றவர்களை அது தொடவில்லை. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்ததும் இந்தக் கடனை எதிர்த்தே. இது ஒரு தாயின், ஒரு மகனின் ஒழுக்கக் குறை மட்டுமல்ல. இறப்பர்த் தோட்டத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பேர் இல்லை. தேயிலைத் தோட்ட நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவுக்கும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவுக்கும் வந்து சேர எத்தனை ஆண்டுப் போராட்டம்! அதற்கிடையில் 2022ஆம் ஆண்டு அரிசியையும் மாவையும் பால்மாவையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே அவனிடம் சொன்னேன்: "தம்பி, நீ வாங்கிய முதல் நீதிப்படி கொடுக்க வேண்டியது. நியாயமான வட்டியும் கொடுக்க வேண்டியது. அதற்கு மேலுள்ளதை எதிர்த்துப் பேச உனக்கு உரிமை உண்டு. ஆனால் உரிமை பேசுகிறவன் முகத்தைக் காட்டிப் பேச வேண்டும்." வட்டி அளவுக்கு மிஞ்சிப் போனால் அந்தக் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டமே இடம் தந்தது. ஏமாற்றும் நோக்கமின்றி வாங்கிய கடனைக் கட்ட முடியாமற் போவது மட்டும் பொலிஸ் பிடிக்கும் குற்றமல்ல. அது சிவில் வழக்கு. "பொலிஸில் கொடுப்போம்" என்ற மிரட்டலுக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனுக்குள் விழுந்தவர்கள் நம் பங்குகளில் குறைவில்லை. சட்ட உதவி ஆணைக்குழுவிடம் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அவனுக்கு முன்னே அவனுடைய பூட்டனின் கதை இருக்கிறது. இந்தியாவில் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. தோட்டம் மாற விரும்பினால், இத்தனை ரூபா கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதற்குப் பெயர் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் தீர்வதில்லை, ஆளோடு சேர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எழுத்தறியாத அந்த மனிதர் தம் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தாமாக வாசித்தறிய வழியில்லை. கணக்கு கங்காணியின் பெட்டிக்குள் இருந்தது. பூட்டப்பிள்ளைக்கோ வாசிக்கத் தெரியும், க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவன். கணக்கு அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அவன்தான் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

அன்றிரவு ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னேன். எவ்வளவு என்பதற்கு முன், யார் பெயரில் என்று எழுதச் சொன்னேன். அம்மாவின் பெயரில் குழுக் கடன். அடகுக் கடையில் அம்மாவின் தோடு. கடையில் கூட வேலை செய்யும் நண்பன் வாங்கிக் கொடுத்த மீற்றர் வட்டிப் பணம். அக்காவின் கணவர் பிணை நின்ற லீசிங் மிச்சம். தன் சொந்தப் பெயரில் இருந்தது தொலைபேசி வழியாக எடுத்த ஒரு சிறு கடன் மாத்திரமே! தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வட்டியைப்பற்றி அவன் பேசவில்லை.

சீராக் நூலின் 29ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடன் கேட்கும்போது பணிந்து நின்றவன், திருப்பும் நாளில் சாக்குச் சொல்வதை அந்த ஞானி நன்றாகக் கண்டிருக்கிறார். பிணை நின்றவரின் தயவை மறந்துவிடாதே என்கிறார். பிணை நின்றதால் வீடிழந்து அலைந்தவர்களையும் நினைவூட்டுகிறார். ஓடுகிறவன் கம்பெனியை விட்டு ஓடுவதாக எண்ணுகிறான். கம்பெனி தன் பணத்தைப் பெரும்பாலும் எப்படியோ எடுத்துக்கொள்கிறது. அவன் உண்மையில் விட்டு ஓடுவது அடுத்த காம்பராவில் இருக்கும் மாமியை.

வசூலுக்குப் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் நம் பங்குப் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். இலக்கு எட்டாவிட்டால் உங்கள் சம்பளமும் வெட்டுப்படும் என்பது தெரியும். இணைச்சட்டத்தின் 24ஆம் அதிகாரத்தில், அடகுப் பொருள் வாங்க வந்தவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏழையின் போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். தனியாக இருக்கும் பெண்ணின் காம்பராவில் இரவு ஏழரை மணிவரை உட்கார்ந்திருப்பது எந்த இலக்கிலும் அடங்காது.

இனி நம்முடைய பங்கு. பூப்புனித நீராட்டுக்கும் கலியாணத்துக்கும் லயத்தையே அடைக்கும் பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? செய்யாவிட்டால் "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்கிறோம். அந்த நாலு பேரில் நாமும் ஒருவர். கோயிலும் இதற்குத் தப்பவில்லை. முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டையும் முக்காடும் வாங்க ஒரு தகப்பன் தீபாவளி முற்பணத்தின் மிச்சத்தையும் கொடுத்து, போதாததற்குக் கைமாற்றும் வாங்கினார் என்று எனக்குத் தெரியவந்தது அந்தப் பிள்ளை வெள்ளை உடுத்து நின்ற பிறகுதான். அடுத்த ஆண்டு பள்ளிச் சீருடையே போதும் என்று அறிவித்தேன். இரண்டு குடும்பங்கள் இன்னும் என்மேல் கோபம்.

அந்தத் தாளில் எதை முதலில் அடைப்பது? கணக்கு, மீற்றர் வட்டி என்றது. மனச்சாட்சி, அம்மாவின் குழுக் கடன் என்றது. இரண்டுக்கும் ஒரே நாளில் வழி தேடவேண்டியிருந்தது. கைத்தொலைபேசியை விற்றான். அடகிலிருந்த தோட்டை மீட்பதற்காக வட்டி கட்டிக்கொண்டே இருப்பதைவிட, மீட்டு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவர் தாய். நான் சொல்லத் துணிந்திருக்கமாட்டேன். அந்தப் பணத்துடன் கோயில் மூப்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வட்டிக்காரரிடம் போனான். முதலை மூன்று பங்காகத் தருகிறேன், இன்றோடு வட்டியை நிறுத்துங்கள் என்று கேட்டான். வட்டிக்காரர் முதலில் சிரித்தாராம். கையில் காசைக் கண்டபின் ஒத்துக்கொண்டார்.

இப்படிக் கெஞ்சும் நிலைக்கு முன்பே போகக்கூடிய இடம் ஒன்றும் உண்டு. 1978இல் இதே கேகாலை மாவட்டத்தில்தான் பி. ஏ. கிரிவந்தெனிய சணச சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் புத்துயிர் கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைபைசன் ஏழை விவசாயிகளிடையே தொடங்கிய வழி அது. அங்கேயும் அயலவர்தான் பிணை. ஆனால் பெட்டியிலிருப்பது அவர்கள் தாமே சேமித்த பணம். வட்டியும் அவர்களிடமே திரும்பி வருகிறது. அந்த வாசலை நம் தோட்டத்து இளைஞர் எத்தனை பேர் மிதித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட அவனுக்குக் கடினமாக இருந்தது வேறொன்று. அடுத்த செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் அந்தத் திண்ணையில் போய் உட்காரச் சொன்னேன். "அது மட்டும் வேணாம் சாமி" என்றான். இரண்டு கிழமை இழுத்தடித்துப் பின்பு போனான். பக்கத்துக் காம்பரா மாமி, அவனைத் தூக்கி வளர்த்தவர், எல்லோர் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி ஏசினாராம். அவன் தலையை நிமிர்த்தவில்லை. ஏசி முடித்ததும் "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாராம்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் பணம் வந்துவிடுகிறது. இன்னும் பதினேழு தவணைகள் இருக்கின்றன. போன செவ்வாய் கூட்டம் கால்மணி நேரத்தில் கலைந்து, எல்லோரும் பிரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக அந்தத் தாய் சொன்னார்.