‘அல்ல’ என்ற சொல்லும் நாடற்ற மக்களும்

‘அல்ல’, ‘அல்லது’, ‘எல்லாம்’ முதலிய சொற்களை அளவையியலின் மாறிலிகள் என்கிறோம். அத்தகுதி அவற்றுக்கு எதனால் வந்தது? உலகப் பொருள்களை ஒன்றுக்கொன்று எவ்வாறு இடம்மாற்றினாலும் மாறாதிருப்பதே அளவையியலுக்குரியது என்றார் தார்ஸ்கி, 1966இல். ‘அல்ல’ ஆள் பார்ப்பதில்லை. ‘இந்தியர்’ என்ற சொல் ஆள் பார்த்தே நிற்கிறது.

பேராதனையில் மெய்யியல் போதித்த கே. என். ஜயதிலக்க 1967இல் பௌத்தரின் நாற்கோடியை ஆராய்ந்தார். இன்புறுவோன், துன்புறுவோன், இரண்டும் உறுவோன், இரண்டும் உறாதோன் என நான்கு நிலைகளைக் கூறுவதில் முரண்பாடில்லை என்பது அவர் முடிவு. இன்பமில்லை என்றதும் துன்பம் வந்து நின்றுவிடுவதில்லை அல்லவா?

இது ஏட்டு நுணுக்கமே என்போர் பேராதனையைச் சூழ்ந்த தேயிலை மலைகளை நோக்கட்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் இலங்கையர் அல்லராயினர். ஆகவே இந்தியர் என்று ஆட்சியாளர் முடித்தனர். ‘இலங்கையர் அல்லது இலங்கையர் அல்லாதார்’ என்பது மாறிலிகளின் வலிமையாலேயே மெய்யாகும். ‘இலங்கையர் அல்லது இந்தியர்’ என்பதற்கு அவ்வலிமை ஏது? அரச முத்திரையை அளவையியல் என்று நம்பச் செய்தார்கள்! இந்தியாவோ அவர்களைத் தன் குடிகளாக இயல்பாய் ஏற்கவில்லை. நான்காம் கோடியிலேயே இலட்சக்கணக்கானோர் கொழுந்து பறித்து வாழ்ந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை எப்பக்கமும் சேர்க்காது, பின்னர் பார்ப்போம் என்று ஒத்திவைத்தது.