பிள்ளையின் நோய்க்கு நாம் பொறுமை கொள்ளலாமா?

பிறந்து மூன்றே நாளான சிசு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. அறுவை செய்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். தகப்பனிடம் கையெழுத்துக்குத் தாள் நீட்டப்படுகிறது. அந்நேரம் பார்த்து உறவினர் ஒருவர், "இத்தனை சின்ன உடம்பில் கத்தி வைக்கணுமா? சபூர் செய்யுங்கள், கொடுத்தவன் பார்த்துக் கொள்வான்" என்கிறார்.

ஈமானின் பேச்சாகவே அது காதில் விழுகிறது. ஆகவேதான் நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

நோயில் பொறுமையைத் தேர்ந்து கொண்டவர்களுக்கு மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு. வலிப்பு நோயால் அவதியுற்ற ஒரு பெண்மணி, நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆச் செய்யும்படி வேண்டினார். பொறுத்துக் கொண்டால் சுவனம், விரும்பினால் குணமாக துஆ என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அம்மையார் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டுக் கொண்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. நோய் அவருடையது, உடல் அவருடையது, தேர்வும் அவருடையது. மூன்று நாள் சிசுவிடம் யார் கேட்டார்கள்? தன் வலியைத் தான் தாங்குவது சபூர். பிள்ளையின் வலிக்கு நாம் பொறுமை கொள்வதை அந்தப் பெயரால் அழைக்க இயலாது. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதப் பொருளில் தீப்பிடித்தால் முதலில் தண்ணீரைத்தான் தேடுகிறோம்.

"பொறுத்துப் பார்ப்போம்" என்பதும் இங்கே ஒரு முடிவுதான். கருவறையில் நுரையீரலுக்கு வேலையில்லை. ரத்தம் அதை விலக்கிச் செல்ல ஒரு சிறு குழாயை அல்லாஹ் அமைத்திருக்கிறான். பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக் கொள்ளும். இப்பிள்ளைகளுக்கோ அதுதான் உயிர்வழி. மூடினால் உடல் நீலம் பாரிக்கும். மூடாதிருக்க மருந்து ஏற்றி, சில வாரங்களுக்குள் அறுவை செய்கிறார்கள். குழாய்களை இடம் மாற்றிப் பொருத்தும் இவ்வறுவை முதன்முதலில் 1975இல் பிரேசிலில் வெற்றி கண்டது. சிகிச்சையின்றி விட்டால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் முதல் பிறந்த நாளைக் காண்பதில்லை.

எல்லாக் குறைகளும் இப்படியல்ல. அறுவையால் பலனில்லை, வேதனைதான் மிஞ்சும் என்று அறிந்த மருத்துவர்களே சொல்லிவிட்டால், பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெற்றோரைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. கேட்டறியாமல் வீட்டுக்குத் தூக்கி வருவதையே நாம் பேசுகிறோம்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திராவில் பெரிய இதய மருத்துவமனை இருக்கிறது. 2003 ஜூலையில் லாஹூர் பெற்றோர் தங்கள் இரண்டரை வயது மகளை அங்கே கொண்டு வந்து இதய அறுவை செய்வித்தார்கள். இரு நாடுகளுக்கிடையே பேருந்து அப்போதுதான் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. நமக்கோ மாநில எல்லை ஒன்றுதான் குறுக்கே.

சபூரைப் பற்றி இன்னொன்று. நாயகம் (ஸல்) அவர்களின் புதல்வியார் ஒருவர், தம் பிள்ளை இறுதி நிலையில் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். அவர்கள் முதலில் பொறுமையைத்தான் சொல்லியனுப்பினார்கள். மகள் சத்தியமிட்டு அழைத்ததும் எழுந்து சென்று, மூச்சுத் திணறிய பிள்ளையைக் கையில் வாங்கினார்கள், கண்கள் பெருகின. ஸஅத் (ரலி) வியந்து வினவியபோது, அது அல்லாஹ் அடியார் உள்ளங்களில் வைத்த ரஹ்மத் என்றார்கள். டெலிபோனில் சபூர் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே வராத நம்மவர்கள் இதை மனங்கொள்ள வேண்டும்.

வருபவர்களிலும் சிலர், "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்று தாயைக் குடைகிறார்கள். நாயகத்தின் பாலகர் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அதனால்தான் கிரகணம் என்று மக்கள் பேசியபோது, எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்துவிட்டார்கள். மகனைப் பறிகொடுத்த நாளிலேயே சொன்னது!

நாற்பது கழியாமல் பிள்ளை பெற்றவள் வாசற்படி தாண்டக் கூடாது என்பதும் நம் வீட்டு வழக்கமே தவிர ஷரீஅத் அல்ல. நிஃபாஸ் உடையவளுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லை. துஆவும் திக்ரும் உண்டு, வெளியே போகத் தடையில்லை. பெங்களூரில் கிடக்கும் சிசுவுக்கு அவள் பால் வேண்டும். வாய் வைத்துக் குடிக்க முடியாவிட்டாலும் பிழிந்தெடுத்துக் குழாய் வழியே கொடுக்கிறார்கள். உடம்பு தாங்குமானால் அவளையும் காரில் ஏற்றி அழைத்துச் செல்லுங்கள்.