முதலில் கயிறு, பிறகு கணக்கு



தானாய்ப் போய் ஆபத்தில் விழுந்தவனை மற்றவர்கள் ஏன் காப்பாற்ற வேண்டும்? இதை வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் கேட்காதவர் நம்மில் யார்? இந்த மாதம் இதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போமா?

2022 பிப்ரவரி 7. கேரளாவில், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் மலம்புழை என்ற ஊர். 23 வயது வாலிபன் ஒருவன் தன் நண்பர்களோடு குரும்பாச்சி மலையில் ஏறினான். அது வனத்துறையின் காடு. அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. நண்பர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். இவன் மேலே போனான். கால் வழுக்கி, செங்குத்துப் பாறையின் நடுவே ஒரு சின்னப் பொந்தில் மாட்டிக்கொண்டான். மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. காலில் காயம் வேறு. செல்போனில் படம் எடுத்து அனுப்பித் தான் இருக்கும் இடத்தைச் சொன்னான். பிறகு அதுவும் அணைந்துபோயிற்று. பகலெல்லாம் வெயில், ராத்திரியெல்லாம் குளிர்.

மறுநாள் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் வந்தது. பாறையை நெருங்க முடியாமல் திரும்பிப் போனது. அன்று ராத்திரி நம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனிலிருந்து ராணுவ வீரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் தலைமையில், விடியும்வரை காத்திராமல், இருட்டிலேயே மலையேறினார்கள். 9-ஆம் தேதி காலையில் ஒரு வீரர் கயிற்றில் தொங்கி இறங்கி, தண்ணீர் கொடுத்து, அவனைத் தன்னோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுவந்தார். 40 மணி நேரத்துக்கு மேல் பாறையில் இருந்தவன் உயிரோடு மீண்டான். மேலே வந்ததும் அந்த வீரர்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததை நாடே பார்த்தது.

பிரியமானவர்களே, இந்த மூன்று நாளில் ஜனங்கள் பேசின பேச்சைக் கவனித்தீர்களா? அவன் பாறையில் இருக்கும்போதே ஒரு கூட்டம் ஆரம்பித்துவிட்டது. "யாரு இவன ஏறச் சொன்னது? கொழுப்பெடுத்துப் போனான், அனுபவிக்கட்டும். நம்ம வரிப்பணத்துல ஹெலிகாப்டரா?" பாலக்காட்டில் மட்டுமல்ல, டீக்கடை இருக்கிற ஊரிலெல்லாம் இந்தப் பேச்சு கேட்டது. அவன் இறங்கி வந்த பிறகோ இன்னொரு கூட்டம் கிளம்பிற்று. அவனைப் பெரிய வீரனைப்போலக் கொண்டாடிற்று. வழக்குப் போட வேண்டாம் என்று முதலில் மந்திரியும் சொன்னார். சில நாட்களுக்குள் இன்னொருவர் அதே மலையில் ஏறிவிட்டார். வனத்துறையார் போய் அவரை இறக்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த வாலிபன்மேலும் வழக்குப் பதிவாயிற்று.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு கூட்டம் கண்டிக்கிறது, மறு கூட்டம் கொண்டாடுகிறது. இரண்டும் எதிரெதிர் போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இரண்டுக்கும் ஒரே குறைதான். கயிறு போட வேண்டிய நேரத்தில் கணக்குக் கேட்டார்கள். கணக்குக் கேட்க வேண்டிய நேரத்தில் மாலை போட்டார்கள்!

நம் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இது நன்றாய்ப் புரியும். தறியில் பாவு இழை ஒன்று அறுந்துபோனால் அவர் என்ன செய்கிறார்? மிதிப்பதை நிறுத்துகிறார். அறுந்த முனைகளைத் தேடியெடுத்து முடி போட்டுச் சேர்க்கிறார். அதுதான் முதல் வேலை. "நீ ஏன் அறுந்தாய்?" என்று இழையோடு வழக்காடிக்கொண்டு மேலே நெய்துகொண்டே போனால் சேலையில் கோடு விழும். ஆனால் முடி போட்டதோடு அவர் வேலை முடிந்துவிடுமா? இல்லை. ஏன் அறுந்தது என்று அப்புறம் பார்க்கிறார். பாவு ரொம்ப விறைப்பாய் இருக்கிறதா? அச்சில் எங்காவது உரசுகிறதா? பார்க்காமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி அறும். முதலில் சேர்ப்பது, பிறகு காரணம் பார்ப்பது. இரண்டும் வேண்டும், வரிசையும் மாறக்கூடாது.

"இப்படிக் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் எல்லாருக்கும் துணிச்சல் வந்துவிடாதா, பாஸ்டர்?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற மாநிலத்தில், அஜாக்கிரதையாய் மலையேறி மாட்டிக்கொண்டவனிடம் மீட்புச் செலவை வசூல் பண்ணச் சட்டமே இருக்கிறது. ஆனால் அந்த நாட்டு மலை மீட்புக் குழுவினரில் அநேகர் இப்படிப் பணம் வாங்குவதை விரும்புவதில்லை. காரணம் என்ன? பில் வருமே என்று பயந்தவன் உதவி கேட்கத் தயங்குவான். பகலில் கூப்பிட வேண்டியவன் இருட்டின பிறகு கூப்பிடுவான். அப்போது அவனுக்கும் ஆபத்து, தேடிப் போகிறவர்களுக்கும் ஆபத்து. தங்கள் உயிரைக் கொடுக்கப் போகிறவர்களே இப்படிச் சொன்னால், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிற நாம் கணக்குக் கேட்கலாமா?

மலம்புழையையே பாருங்கள். துணிச்சலைக் கொடுப்பது கயிறா? பாறையில் வழுக்கினவன், எப்படியும் ராணுவம் வரும் என்று நினைத்தா ஏறினான்? துணிச்சலைக் கொடுப்பது கைதட்டல்தான். ஆகவே காப்பாற்றுவதை நிறுத்த வேண்டியதில்லை. கைதட்டுவதை நிறுத்தினால் போதும்.

நம் ஆண்டவருக்கும் இந்தச் சோதனை வந்ததே! தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, குதித்துக் காட்டு, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னான் (மத்தேயு 4). அவர் குதிக்கவில்லை. தாங்கத் தூதர்கள் இல்லாமலா? இருந்தார்கள். ஆனால் வேடிக்கைக்காக உயிரை எறிந்துவிட்டுத் தாங்கச் சொல்வது விசுவாசம் அல்ல, பரீட்சை பார்ப்பது. வாலிபத் தம்பிமார்களே, இதைக் கவனியுங்கள். படம் எடுக்க ரயில் தண்டவாளத்தில் நிற்பதும், நெடுஞ்சாலையில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதும் தைரியம் அல்ல. உங்களைத் தேடி இன்னொரு தாயின் பிள்ளை இறங்கி வரவேண்டும் என்பதை மறந்துவிடுகிறீர்கள்.

அந்தக் கிரயம் எவ்வளவு பெரியது தெரியுமா? 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தில் தாம் லுவாங் குகைக்குள் 12 பிள்ளைகளும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் போனார்கள். மழைவெள்ளம் வழியை அடைத்துவிட்டது. ஜூலை 10-க்குள் 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உலகமே சந்தோஷப்பட்டது. ஆனால் அதற்கு முன்னே, ஜூலை 6-ஆம் தேதி, தண்ணீருக்குள் ஆக்சிஜன் சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பின சமான் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் மரித்துப்போனார். மீட்பு ஒருபோதும் இலவசம் அல்ல. யாரோ ஒருவர் கொடுக்கிறார். இதைச் சபைக்கு நான் விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

அந்தக் குகைச் சம்பவத்தில் இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் இன்னும் உள்ளேயே இருக்கும்போது, அவர்களைப் பெற்றவர்கள் அந்தப் பயிற்சியாளருக்குக் கடிதம் அனுப்பினார்கள். உன்மேல் எங்களுக்குக் கோபமில்லை, உன்னையே நீ குற்றப்படுத்திக்கொள்ளாதே என்பது அதன் கருத்து. கணக்குக் கேட்க எல்லாரைவிடவும் உரிமையுள்ளவர்கள் அவர்கள்தானே? அவர்களே முதலில் கயிறு போட்டார்கள்! ஒன்றையும் இழக்காத ஜனங்கள்தான் எங்கேயும் முதலாவது கல்லை எடுக்கிறார்கள்.

நம்மூரிலும் அப்படித்தான். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ எழும்பி, மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அநேகர் இளம்பெண்கள். அடக்கம் முடிவதற்குள்ளேயே "பொம்பளப் புள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் புகைக்குள் முதலில் ஓடினவர்கள் அந்த மலை ஊர்க்காரர்கள். கருகினவர்களைத் துணியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை.

தேவபிள்ளையே, இது மலையேறுகிறவர்களைப் பற்றிய பேச்சு மாத்திரம் என்று நினைத்துவிடாதே. உன் தெருவிலும் பாறை நடுவே நிற்கிறவர்கள் உண்டு. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மீட்டர் வட்டிக்கு வாங்கித் தறியை அடகு வைத்தவன். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன். அப்பா அம்மா பேச்சை மீறிப் போய், இப்போது கையில் குழந்தையோடு வாசலில் நிற்கிற மகள். "நான் அப்பவே சொன்னேனே" என்பதுதானே நம் வாயில் முதலில் வருகிறது? அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அது கயிறு அல்ல.

காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பன் (லூக்கா 15) மலையடிவாரத்தில் நின்று அதனுடைய குற்றத்தை வாசிக்கவில்லை. முதலில் தோளில் போட்டுக்கொண்டான். அதற்காக ஆடு வழிதப்பினது சரி என்று ஆகிவிடாது. வீட்டுக்கு வந்தபின் வேலியைப் பார்க்கலாம், புத்தி சொல்லலாம், கடனுக்குக் கணக்கு எழுதலாம், சட்டம் தன் வேலையைச் செய்யலாம். அன்புள்ளவன் அதையும் செய்வான். செய்யாமல் விட்டால் அது அன்பே அல்ல.

இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒருவர், தன் தவறினாலேயே விழுந்த ஒருவர், எங்கேயாவது இருப்பார். அவருடைய பேரை இப்போதே மனசில் நினையுங்கள். கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு முதலில் அவர் வீட்டு வாசலுக்குப் போங்கள். கர்த்தர் தாமே அதற்கான பெலனை உங்களுக்குத் தருவாராக. ஆமென்.