வீட்டுச் சிரிப்பு வீணா?



"வீட்டில் விளையாட்டும் சிரிப்பும் எதற்கு? வீண்பொழுதல்லவா?" என்று கண்டிப்பான குடும்பத் தலைவர்கள் சிலர் கேட்பதுண்டு.

1274-ல் மரித்த அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் தமது வேதசாஸ்திரப் பெருநூலில் இக்கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு எப்படியோ, அப்படியே களைத்த மனதுக்கு விளையாட்டு என்கிறார். அதில் அளவு மீறுவது குற்றம். ஆயினும், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பவனிடமும் குற்றமுண்டு. ஏனெனில் கூட வாழ்கிறவர்களுக்கு அவன் பாரமாகிறான்.

பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பல்லாங்குழி ஆடுகிறார்கள். ஒரு குழியில் நான்கு புளியங்கொட்டைகள் சேர்ந்ததும் "பசு!" என்று ஒரே ஆரவாரம். வாசலில் தகப்பனாரின் செருப்புச் சத்தம் கேட்கிறது; வீடு முழுவதும் அடங்கிவிடுகிறது. அதை அவர் மரியாதை என்று எண்ணுகிறார். மரியாதைதானா, அல்லது பயமா?

சிரிப்புக்கும் வரம்புண்டு. தாத்தாவின் காது மந்தத்தைப் பரிகசிப்பது விளையாட்டல்ல. அவரும் சேர்ந்து சிரிக்கக்கூடியதே நல்ல சிரிப்பு.

தகப்பன்மாரே, பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுக்கிறீர்கள். அவை இல்லாத நாளில் அயலாரும் கொடுத்து உதவுவார்கள். உங்கள் சிரித்த முகத்தையோ உங்களையன்றி வேறொருவர் கொடுக்க முடியாது. அதை அவர்களுக்கு மறுக்காதீர்கள்.