தேர்வு என்னும் சொல்

“பி.எஸ்சி. படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இவ்வினா எழாத இல்லம் அரிது. இதனை வெறும் பிழைப்பு நோக்கு என ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் திறக்கும் நாளை எதிர்நோக்கி வாழும் ஒருபோகப் பாசனக் குடும்பத்திற்கு மூன்றாண்டு என்பது மூன்றே அறுவடை. அவர்கள் கணக்குப் பார்ப்பது நியாயமே. நம்மை உறுத்தும் கேள்வி வேறு. பல வழிகளைத் திறந்துவைத்து, எதையும் உறுதி கூறாத ஒரு படிப்பை ஏழை மாணவருக்குப் பரிந்துரைக்க நமக்கு உரிமை உண்டா?

மொழி, முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்று இறுகக் கட்டப்பட்டிருந்த பட்டப்படிப்பு, 1978-இல் மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன தன்னாட்சி பெற்ற பிறகு மெல்ல நெகிழத் தொடங்கியது. கிரெடிட் எனப்படும் மதிப்புப் புள்ளிகளும் விருப்பப் பாடங்களும் இன்று அரசுக் கல்லூரிகள் வரை வந்துவிட்டன. பட்டம் பெற்றவர் பி.எட். பயிலலாம், எம்.சி.ஏ. சேரலாம், கணிதம் பயின்றிருந்தால் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையலாம், ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. பயில ‘ஜாம்’ தேர்வு எழுதலாம். அரசுப் பணித் தேர்வுகளும் வங்கித் தேர்வுகளும் உள்ளன. பட்டம் தன்னளவில் வேலை தருவது குறைவு. பல வாயில்களுக்கு அது நுழைவுச் சீட்டு. இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இருவரை நினைத்துப் பார்ப்போம். ஒருவர் ஜி. என். இராமச்சந்திரன். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சென்ற அவரைச் சர் சி. வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் முப்புரியாக அமைந்தது என்று 1954-இல் அவர் முன்மொழிந்தார். மின்பொறியியலுக்குச் சென்றவர் உயிரின் கட்டமைப்பை ஆராய்பவரானார்! மற்றவர் அப்துல் கலாம். தாம் நாடுவது பொறியியலையே என்பதைப் பட்டம் பெற்ற பிறகுதான் அவர் உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது, கட்டணத்திற்காகத் தமக்கை ஜொகரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இவர்கள் காலத்தில் நெகிழ்ச்சி எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது ஓர் ஆசிரியரின் கண்ணிலும் ஒரு தமக்கையின் கைவளையிலும் இருந்தது. பாதை மாறுவதற்கு விலை உண்டு. அதை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று அந்த நெகிழ்ச்சி விதியாகவே எழுதப்படுகிறது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைமுறையின்படி, ஓராண்டில் விலகுவோர்க்குச் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம். விலகியவர் மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் வந்து சேரலாம். இதற்கு மூலமான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்து வந்துள்ளது. ஒன்றுமின்றி இடைநிற்பதைவிடச் சான்றிதழாவது மேலன்றோ என்பர்; தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் வசதி படைத்தவர்க்கு அவ்வாயில் சற்று இளைப்பாறும் திண்ணை. திருமணப் பேச்சு தொடங்கிவிட்ட கூலித் தொழிலாளியின் மகளுக்கோ, வீட்டார் சுட்டிக்காட்டும் வெளிவழி. “அதுதான் சான்றிதழ் வந்துவிட்டதே” என்போர்க்கு அவள் என்ன மறுமொழி கூறுவாள்? மூன்றாண்டுக் கட்டாயம் சில பெண்களுக்குத் தளையன்று, அரண்.

வேலை எங்கே என்று நாம் சென்னையையும் பெங்களூரையுமே நோக்குகிறோம். மேலூர் வட்டாரத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது; மக்கள் போராடினர்; 2025 ஜனவரியில் நடுவண் அரசு அதனை விலக்கிக்கொண்டது. பாறையில் என்ன உள்ளது, தோண்டினால் ஊற்றும் கண்மாயும் என்னாகும், அம்மலையில் எப்பறவைகள் கூடு கட்டுகின்றன? இவையெல்லாம் நிலவியல், வேதியியல், விலங்கியல் மாணவர்க்கு உரிய வினாக்கள். இவ்வகை அறிவுக்கு ஊதியம் குறைவு என்பதும் உண்மையே.

தமிழில் தேர்வு என்னும் ஒரே சொல், எழுதித் தேறுவதையும் ஆராய்ந்து எடுப்பதையும் குறிக்கிறது. முன்னதற்கு நம் பிள்ளைகளைப் 12 ஆண்டுகள் ஆயத்தம் செய்கிறோம். பின்னதற்கு ஒரு மாலைப் பொழுதையும் ஒதுக்குவதில்லை. பரிந்துரைக்க உரிமை உண்டா என்று கேட்டோம். உண்டு, ஆனால் அப்பரிந்துரை பிழைத்தால் நேரும் இழப்பில் பங்கேற்கவும் நாம் அணியமாக இருந்தால் மட்டுமே. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் இப்போது இணையவழியே பெறப்படுகிறது. பாடங்களை விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். கல்லூரி வாயிலை மிதித்தறியாத இல்லங்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அவ்வரிசையை நிரப்பித் தருபவர் கணினி மையத்து இளைஞரே. பின்னால் பலர் காத்திருக்க, அவரும் என்ன செய்வார்? நம் பங்கிலுள்ள பட்டதாரி ஒருவர் அன்று அருகில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தால், அவ்வரிசை வேறாக இருக்கக்கூடும்.