அபூ குபைஸ் மலையில் எழுந்த குரல்

 

அல்லாஹ்வின் நல்லடியார்களே! அநியாயத்தைப் பற்றி நாம் பேசாத நாளே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் டில்லி முதல் அமெரிக்கா வரை அலசிவிடுகிறோம். பேசத்தான் வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தூரத்தில் இருக்கும் அதிகாரத்தைப் பேசுவதால் நமக்கு எந்த நஷ்டமும் வருவதில்லை. பக்கத்து ஸஃப்பில் நிற்பவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால்தான் வாய் அடைத்துக் கொள்கிறது.

நபித்துவத்திற்கு முந்தைய மக்கா. நபி (ஸல்) அவர்களுக்கு அப்போது ஏறத்தாழ 20 வயது. யமனிலிருந்து ஒரு வியாபாரி சரக்கு கொண்டு வருகிறார். ஆஸ் இப்னு வாயில் அதை வாங்கிக் கொள்கிறான். ஸஹ்ம் குலத்தின் பெரிய மனிதன். பணத்தைத் தரவில்லை. போலீஸும் கோர்ட்டும் இல்லாத ஊர் அது. ஒருவனுக்குப் பாதுகாப்பு அவன் குலம்தான். இவருக்கோ அங்கே குலமே கிடையாது. சில குலத்தாரிடம் போய் முறையிட்டார். அவர்கள் ஆஸின் கூட்டணிக்காரர்கள், விரட்டி விட்டார்கள். கடைசியில் குறைஷிகள் கஅபாவைச் சுற்றி அமர்ந்திருக்கும் நேரம் பார்த்து, அபூ குபைஸ் மலையில் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி முறையிட்டார்.

நபியவர்களின் பெரிய தந்தை ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடினார்கள். அநியாயம் செய்யப்பட்டவர் உள்ளூரோ வெளியூரோ, உரிமை கிடைக்கும்வரை அவர் பக்கம் ஒன்றாக நிற்போம் என்று சத்தியம் செய்தார்கள். நேராக ஆஸிடம் போய் சரக்கை மீட்டுக் கொடுத்தார்கள். இதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் நபியவர்களும் இருந்தார்கள். சிவப்பு ஒட்டகங்கள் கிடைத்தாலும் அந்த ஒப்பந்தத்தை விட்டுத்தர விரும்பமாட்டேன், இஸ்லாம் வந்த பிறகும் அதன் பெயரால் அழைத்தால் வருவேன் என்ற கருத்தில் பிற்காலத்தில் சொன்னார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆஸ் அவர்களுக்கு அந்நியனும் அல்லன். அதே சபையில் உட்காருபவன். அவனைப் பகைத்துக் கொண்டுதான் முன்பின் தெரியாத ஒரு யமன்காரருக்காக நின்றார்கள்.

ஆஸ் திருந்தினானா? இல்லை. பல ஆண்டுகள் கழித்து, கொல்லர் வேலை செய்த கப்பாப் (ரலி) அவனுக்கு வாள் செய்து கொடுத்துவிட்டுக் கூலி கேட்டார்கள். முஹம்மதை மறுத்தால்தான் தருவேன் என்றான். நீ செத்து எழுப்பப்படும் வரை மறுக்கமாட்டேன் என்றார்கள் கப்பாப். அப்படியானால் அங்கேயும் எனக்குச் செல்வமும் பிள்ளைகளும் இருக்கும், அப்போது தருகிறேன் என்று கேலி செய்தான். மர்யம் சூராவின் 77 முதல் 80 வரையுள்ள வசனங்கள் இந்த விஷயத்தில்தான் இறங்கின. ஒரு கொல்லரின் கூலிப் பாக்கிக்காக வஹீ இறங்கியிருக்கிறது, சகோதரர்களே! (அவனுடைய மகன்கள் அம்ரும் ஹிஷாமும் ஸஹாபாக்கள் ஆனார்கள். தகப்பன் செய்ததை மகன் மேல் ஏற்றக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.)

இப்போது என் விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு கொத்தனார் என்னைத் தேடி வந்தார். முஸ்லிம் அல்லாத சகோதரர். ஜமாஅத்தில் ஒருவர் வீடு கட்டிவிட்டுக் கடைசிக் கூலியைத் தரவில்லை, நீங்கள் சொன்னால் கேட்பார் ஹஜ்ரத் என்றார். அந்த ஆள் பள்ளிக்கு நிறைய செய்பவர். நான் கொத்தனாரிடம் கொஞ்சம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வாரம் ஜும்ஆவில் நான் பேசிய தலைப்பு, ஆட்சியாளர்களின் அநியாயம்! வேலை வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸை மத்ரஸாவில் ஓதியவன் நான். பொறுமையை யாருக்குச் சொல்ல வேண்டும், நீதியை யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை அன்று மாற்றிச் சொல்லிவிட்டேன். பிறகு அவரைத் தேடினேன், வேலைக்கு வேறு ஊர் போய்விட்டார்.

மக்காவில் இராஷ் குலத்தவர் ஒருவரின் ஒட்டகங்களை வாங்கிவிட்டு அபூஜஹ்ல் இழுத்தடித்தான். குறைஷிகள் வேடிக்கை பார்க்க நினைத்து, அவரை நபியவர்களிடம் அனுப்பினார்கள். நபியவர்கள் உபதேசம் செய்யவில்லை. எழுந்து கூடவே நடந்தார்கள். அபூஜஹ்லின் கதவைத் தட்டினார்கள். வெளியே வந்தவன் முகம் வெளுத்துப்போய், உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தான்.

இன்று தொழுகை முடிந்து அஸர் வரை பள்ளியில்தான் இருப்பேன். யாருக்காவது கூலிப் பாக்கி இருந்தால், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அழைத்து வாருங்கள். யார் வீட்டுக் கதவாக இருந்தாலும் நான் கூட வருகிறேன்.