“எதற்கு?” என்று யார், யாரைக் கேட்பது?

நமது கடைத்தெருவில் ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டு விதமாகக் குறைப்படுவதை வாசகர்கள் கேட்டிருக்கலாம். காலையில், “சர்க்கார் காரியாலயத்தில் ஒன்றையும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், பசார் மாலாமில் யாருக்கு இடம் கொடுத்தார்கள், என்ன கணக்கில் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை” என்பார். மாலையில் அவரே, “நம் பெயரும் டெலிபோன் நம்பரும் ஊரெல்லாம் சுற்றுகின்றன, முன்பின் தெரியாதவனெல்லாம் கடன் வேண்டுமா என்று கூப்பிடுகிறான்” என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எல்லாம் தெரிய வேண்டும் என்பதும், ஒன்றும் தெரியக்கூடாது என்பதும் ஒரே வாயில் வரலாமா என்று கேலியும் செய்வார்கள். நமக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. காலையில் அவர் கேட்டது சர்க்கார் செய்த காரியத்தைப் பற்றி. மாலையில் வருந்தியது தம் சொந்த வாழ்வைப் பற்றி.

சிரமம் எங்கே வருகிறதென்றால், இவ்விரண்டும் பல சமயம் ஒரே கோப்பில் கிடக்கின்றன. ஒரு கடை லைசென்சு மனுவை எடுத்துக்கொள்வோம். மனுதாரர் பெயர், வீட்டு விலாசம், அடையாள அட்டை எண், கூட்டாளிகளின் விவரம் எல்லாம் அதில் இருக்கும். அதே கோப்பில் அதிகாரி என்று வந்து பார்த்தார், என்ன காரணத்தால் அனுமதித்தார் அல்லது தள்ளினார், எவ்வளவு கட்டணம் வாங்கினார் என்பதும் இருக்கும். முதற்பாதி அந்த மனிதருடையது. பிற்பாதி வரி கட்டுகிற நம் எல்லோருடையது. இரண்டையும் ஒரே நூலில் தைத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்தப் பூட்டு கனமான பூட்டு. 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தின் அட்டவணையில் மாநில ஆட்சிக்குழுவின் பத்திரங்களும் இரகசியங்களாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அது போக, மந்திரி புசார் நியமிக்கும் அதிகாரி வேறு பத்திரங்களின் மீதும் இரகசிய முத்திரை குத்தலாம். 1986இல் செய்த திருத்தத்தின்படி, அத்தகைய பத்திரத்தை வெளியிட்ட குற்றம் ருசுவானால் குறைந்தது ஓராண்டுச் சிறை. இந்தச் சட்டத்தின் கீழே நின்றுகொண்டுதான் இரண்டு மாநிலங்கள் கொஞ்சம் கதவைத் திறந்து பார்த்தன. பினாங்கு சட்டமன்றம் 2010இலும், சிலாங்கூர் சட்டமன்றம் 2011இலும் தகவல் சுதந்திரச் சட்டங்களை நிறைவேற்றின. பினாங்குச் சட்டம் நடப்புக்கு வர 2015 ஆயிற்று. கூட்டரசுச் சட்டத்துக்கு மாறாக மாநிலச் சட்டம் செல்லாதாகையால், இரகசிய முத்திரை விழுந்த பத்திரத்தை இவற்றைக் கொண்டு வாங்க முடியாது. ஆயினும் நல்ல முயற்சியே. நமது ஜொகூர் அப்போது அந்த வழியில் சேரவில்லை.

சிலாங்கூர்ச் சட்டத்தில் ஒரு விதி நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தகவல் கேட்பவர் தாம் எதற்காகக் கேட்கிறார் என்று மனுவில் எழுத வேண்டும். எழுதிய நோக்கத்தை விட்டு வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் அது குற்றம். விஷமிகள் கையில் ஊரார் சங்கதி போய்விடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதியிருக்கலாம். அந்தக் கவலையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தனி மனிதனின் அந்தரங்க விவரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்று அதே சட்டத்தில் தனியே விலக்கு இருக்கிறது. அப்படியிருக்க, சாலை போட்ட செலவுக் கணக்கைக் கேட்பவரிடமும் “எதற்கு?” என்று ஏன் கேட்க வேண்டும்? காரணம் கேட்பது சாதாரணக் காரியமல்ல. கேட்கப்பட்டவன் கூச்சப்படுவான், சிறு வியாபாரியானால் பயப்படுவான், பெரும்பாலோர் மனுவே போடாமல் திரும்பிவிடுவார்கள்.

நில இலாகாவில் நடப்பதைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி எவரும் கட்டணம் செலுத்தி ஒரு நிலத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். மூவாரிலோ குளுவாங்கிலோ கடைவீடு வாங்கப் போகிற ஒவ்வொருவரும் இதைச் செய்கிறோம். இத்தனைக்கும் அதில் ஒரு மனிதரின் பெயரும் சொத்தும் தெரிகின்றன. ஆனாலும் யாரும் புண்படவில்லை. ஏனென்றால் வாங்குபவன் ஏமாறாமல் இருக்கத்தான் அந்த ஏடே ஏற்பட்டது, பதிந்தவருக்கும் அது தெரியும்.

இனி நம் கடைகளில் இருக்கும் வேறொரு ஏட்டுக்கு வருவோம். அட்டையில் 555 என்று போட்ட சிறு புத்தகத்தை, மளிகைக்கடை வைத்தவர்களுக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதக் கடைசியில் யார் வீட்டில் அரிசிக்கும் பால் மாவுக்கும் கடன் சொன்னார்கள் என்பது அதில் இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாத சங்கதிகூட அந்தப் புத்தகத்துக்குத் தெரியும். கலியாணப் பேச்சு நடக்கும்போது பெண் வீட்டார் யாராவது மெல்ல வந்து, “மாப்பிள்ளை வீட்டில் பாக்கி நிறைய என்கிறார்களே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் பாய்” என்று கேட்பது நமது தொழிலில் புதிதல்ல. எதற்கு என்று நாம் கேட்கிறோம். அவர் சொல்லும் காரணம் நியாயமாகவும் இருக்கிறது. இருந்தும் புத்தகத்தைத் திறப்பதில்லை. மாப்பிள்ளையின் தகப்பனாரிடமே கேளுங்கள், அவர் சம்மதித்தால் சொல்கிறோம் என்று அனுப்பிவிடுகிறோம். அது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

திருமறையின் ஆயத்துகளில் மிக நீளமானது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை மதரஸாவில் ஓதிய எல்லோரும் அறிவோம். எழுதுபவன் நீதியாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், சிறு தொகையானாலும் சலிக்கக்கூடாது. எழுதச் சொன்ன அதே மறை, ஹுஜுராத் அத்தியாயத்தில் பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதைத் தடுக்கிறது. நூர் அத்தியாயத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழைவதைத் தடுக்கிறது. கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமென்பதற்கும் வீட்டுக் கதவு சாத்தியிருக்கலாம் என்பதற்கும் சண்டை மூட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பொதுமக்களின் பணத்தையும் அதிகாரத்தையும் கையாண்ட கணக்கைக் கேட்பவரிடம் “எதற்கு?” என்ற கேள்வியே எழக்கூடாது. தனி மனிதனின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்பவரிடம் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பதில் நல்லதாயிருந்தாலும் உரியவரின் சம்மதம் வேண்டும். சர்க்கார்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

இந்தியாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1994இன் கடைசியில் ராஜஸ்தான் கிராமங்களில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர் அமைப்பு பொது விசாரணைகளைத் தொடங்கியது. சர்க்கார் வேலைக்குக் கூலி கொடுத்ததாக எழுதிய பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பேரில் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. அந்தக் கிளர்ச்சி பெருகிவந்த காலத்தில், 1997இல் தமிழ்நாடு இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் செய்தது. 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தரங்கத்துக்கும் அதில் காப்பு இருந்தது: பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாத சொந்த விவரத்தை மறுக்கலாம், பொது நன்மை பெரிதானால் கொடுக்கலாம். 2023இல் செய்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தால் அந்த வாசகத்தை மாற்றி, சொந்த விவரம் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். பொது நன்மைக்காகக் கொடுக்கலாம் என்ற வேறொரு பிரிவு இன்னும் இருக்கிறது என்று பதில் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு எது சுலபம்? கூலிப் பட்டியலில் உள்ள பெயரும் சொந்த விவரந்தானே என்று அவர் சொல்லிவிட்டால், அன்று ஊர் நடுவில் வாசித்ததை இன்று வாசிக்க முடியுமா? அந்தப் பட்டியலில் இருந்த பெயர்கள் திருட்டுக்குச் சாட்சிகளாக இருந்தன. சாட்சியின் மானத்தைக் காக்கிறோம் என்று சொல்லித் திருடனுக்குத் திரை போடுவதை நாம் எப்படி ஒப்புக்கொள்வது?

நம் நாட்டில் திரை வேறு மாதிரி. 2010இல் நிறைவேறி 2013இல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளைக் கட்டுகிறது. வாடிக்கைக்காரரின் பெயரையும் நம்பரையும் எடுத்தால் அவருக்குச் சொல்ல வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும், வேறு காரியத்துக்குக் கொடுக்கக்கூடாது. 2025இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் மேல்வரம்பு அபராதம் 3 இலட்சம் வெள்ளியிலிருந்து 10 இலட்சமாக உயர்ந்தது. சரிதான், நாமும் கட்டுப்பட வேண்டியவர்களே. ஆனால் அந்தச் சட்டம் கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மூலைக்கடைக்காரனின் புத்தகத்துக்குச் சட்டம் உண்டு. நம் அனைவருடைய விவரத்தையும் வைத்திருக்கும் பெரிய அலமாரிக்கு அது இல்லை. போதாததற்கு, கூட்டரசு இலாகாக்கள் தமக்குள் விவரங்களைப் பரிமாறிக்கொள்ள 2025இல் தனிச் சட்டமும் வந்தது. பெரிய இடத்திலிருந்து ஏடு கசிந்தால் என்னவாகும் என்பதை டெலிபோன் கம்பெனிகளின் விஷயத்தில் பார்த்தோம்: 4 கோடியே 62 இலட்சம் கைபேசி எண்களின் விவரம் வெளியே போய்விட்டது 2017இல் தெரியவந்தது. நாட்டின் ஜனத்தொகையைவிடப் பெரிய எண் அது!

ஒரு கடினமான இடம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. உதவி பெறுபவர்களின் பெயர். பொதுப் பணம் என்றால் யாருக்குப் போயிற்று என்று தெரிய வேண்டாமா என்பது நம் நியாயப்படியே சரியான கேள்வி. ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்ணின் பெயரைச் சுவரில் ஒட்டி, இவளுக்கு இத்தனை வெள்ளி கொடுத்தோம் என்றால், அந்தப் பணத்தோடு அவள் முகத்தையும் வாங்கிக்கொண்டோம் என்றாகிறது. நம் ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் இது நடக்கிறது. அரிசி மூட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கொடுத்தவர் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறோம். தர்மத்தை மறைத்துக் கொடுப்பதே மேல் என்று ஓதியவர்கள் நாம்.

இங்கே வழி என்ன? கணக்கின் தொகைகள் எல்லோருக்கும், பெயர்கள் சிலருக்கு. நிர்வாகத்தில் இல்லாத இருவரைக் கணக்காய்வுக்கென்று உறுப்பினர்களே தேர்ந்தெடுத்து, அவர்கள் மட்டும் பட்டியலைப் பார்த்து, பெற்றவர்களில் சிலரை நேரில் கண்டு, பணம் போய்ச் சேர்ந்ததென்று கையெழுத்திட்டால் திருட்டுக்கும் இடமில்லை, அவமானத்துக்கும் இடமில்லை. முனிசிபல் இலாகாக்களுக்கும் இந்த வழி பொருந்தும். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். திறந்த கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்?

ஜொகூர் சட்டமன்றத்தில் என்றாவது இப்படியொரு மசோதா வருமானால், வியாபாரிகள் சங்கங்கள் கேட்க வேண்டியது, மனுத்தாளில் காரணம் எழுதும் கட்டம் பொதுக் கணக்குக்கு இருக்கக்கூடாது என்பதும், கோப்பின் முதற்பாதியை மறைத்துப் பிற்பாதியைக் கொடுக்கும் கடமை அதிகாரிக்கு இருக்க வேண்டும் என்பதுமே. “சொந்த விவரம் கலந்திருக்கிறது” என்று முழுக் கோப்பையும் மூடிவிட இடம் கொடுக்கக்கூடாது.

அது வரும்வரை, நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாம் ஒரு பிரேரணை எழுதி வைத்திருக்கிறோம். உதவி நிதியில் எத்தனை பேருக்கு, எந்த இனத்தில், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது இந்தப் பத்திரிகையில் அச்சிடப்படும். பெற்றவர்களின் பெயரும் படமும் அச்சிடப்படா. உறுப்பினர் எவரும் காரணம் கூறாமலே வரவு செலவுப் பேரேட்டைப் பார்க்கலாம். செயற்குழுவினர் ஒருவரின் உறவினருக்கு உதவி போயிருந்தால், பெற்றவரின் பெயரை விட்டு, அந்தச் செயற்குழு உறுப்பினரின் பெயர் அச்சிடப்படும். கடைசி விதியைச் சிலர் கடுமை என்கிறார்கள். ஆமோதிக்க ஒருவர் தேவை. விருப்பமுள்ள சகோதரர்கள் கடைக்கு வரலாம், அல்லது ஜும்ஆவுக்குப் பிறகு சொல்லலாம்.